முன் சீட்டில் அத்தை

அவள் கைக்கு எது பழகுகிறதோ, அது அந்த வீட்டில் கெட்டுப்போகும். கல்யாணமான புதிதில் தையல் வகுப்புக்குப் போனாள். ஒரு நாள் பார்த்தால் மெஷினின் பெல்ட் அறுந்து தொங்கியது. எலி கடித்திருக்கும் என்றார் கணவர். எலி கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது கத்தரித்த மாதிரி இருந்தது. அன்று மாலையே அவர் புது பெல்ட் வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தார். லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தபோது பரீட்சைக்கு முந்தின நாள் மேஜை விளக்கு எரியவில்லை. அதையும் அவர்தான் சரிசெய்தார், பரீட்சை முடிந்த பிறகு.

லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். கைராசிக்காரர் என்று தெருவே சொல்லும். "உனக்கென்னம்மா, வீட்டுக்குள்ளயே மெக்கானிக்" என்பார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். சரிசெய்கிற கையும் கெடுக்கிற கையும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிய ரொம்ப நாள் பிடித்தது. புரிந்த பிறகும் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அடித்ததில்லை. ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை.

மலைக்குக் கீழே, அடிவாரத்து ஊரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன். லீவுக்கு லீவு வந்துடுவேன்."

வந்துவிடுவேன் என்பது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய அம்மாவுக்கும் தெரியும். அவர் கை கழுவிவிட்டு வந்து, துண்டில் விரல் விரலாகத் துடைத்தபடி, "சரி, போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை அவரே வந்து கேட்டார். "எதுல போறே?"

"வண்டியிலதான்."

அவள் அப்பா விட்டுப்போன பழைய கார். கொட்டகையில் நிற்கும்.

"பின் சக்கரம் ரெண்டும் கத்துது. பிரேக் ஷூ தேஞ்சிருக்கும். இதை வெச்சுக்கிட்டு மலை இறங்கினா நல்லா இருக்காது. லீவு போட்டுட்டேன், நானே மாத்தித் தரேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் பிரேக் கத்துவது உண்மைதான். அவளே கேட்டிருக்கிறாள்.

அவர் வேலை செய்தால் அதில் குறை சொல்ல முடியாது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தார். டிரம் துருப்பிடித்துக் கழல மறுத்தது. சுத்தியலால் சுற்றிச் சுற்றி, கதவு தட்டுகிற மாதிரி பொறுமையாகத் தட்டினார். டிரம் விட்டுக்கொடுத்ததும் உள்ளே கரும்புழுதி.

"மூச்சை உள்ள இழுக்காத, கெடுதல்" என்று அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஈரத்துணியால் துடைத்தார். ஷூ இரண்டும் இரும்பு தெரிகிற அளவு தேய்ந்திருந்தன. ஸ்பிரிங்குகளைக் கழற்றிய வரிசையிலேயே பேப்பரில் பரப்பி வைத்தார். எது எங்கே என்று சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள இன்னொரு பக்கத்தைப் பிரிக்காமல் விட்டிருந்தார். பிரேக் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்த பழைய வீல் சிலிண்டருக்குப் பதில் புதுசு. அவள் என்ன கேட்டாலும் இதமாகப் பதில் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

மதியத்துக்கு மேல் பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"அழுத்து."

அழுத்தினாள்.

"அப்படியே பிடி... விடு. மறுபடி அழுத்து."

கொஞ்சம் கொஞ்சமாகப் பெடல் கெட்டிப்பட்டது. கடைசியில் காலுக்கடியில் கல்லு மாதிரி நின்றது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"அப்புறம் என்ன, நாளைக்கு நிம்மதியாப் போ" என்றார். சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினார். "ஒரு டீ போடேன்."

டீ கொதிக்கும்போது அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றாள். பேச்சில் கஞ்சம் அத்தை. மருமகள் பக்கம் ஒரு நாளும் பேசியதில்லை, அவளுக்கு எதிராகவும் பேசியதில்லை.

"நாளைக்கு பஸ்ல போம்மா."

"ஏன் அத்தை? அதான் வண்டியைச் சரி பண்ணியாச்சே."

"பஸ்ல போன்னா போயேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். "என்ன பார்த்தீங்க?"

அத்தை அறையின் ஜன்னல் கொட்டகைப் பக்கம் திறக்கும். "நீ உள்ள வந்ததும் மறுபடி அடியில போய்ப் படுத்தான். கையில ஸ்பானர்."

"எதையாவது இறுக்கியிருப்பார்."

"இறுக்கினா நாக்கைத் துருத்துவான். நடக்கிற வயசுலேர்ந்தே அப்படித்தான், ஒரு டப்பா மூடியை மூடினாலும் நாக்கு வெளிய வந்துடும். முகத்தை என் பக்கம் வெச்சுத்தான் படுத்திருந்தான், நாக்கு வெளிய வரல." அத்தை டம்ளரை எடுக்கப் போனாள், எடுக்காமல் விட்டுவிட்டாள். "பெத்த மனம் பித்துன்னு சொல்றாங்க. பித்தாவே இருக்கட்டும். கண்ணு தெரியுதே."

அவள் டீயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவர் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுங்களேன்."

"எதுக்கு? பெடலை நீயே அழுத்திப் பார்த்தியே."

"கீழ மூணாவது வளைவு வரைக்கும் இறங்கிட்டு வந்தா போதும்."

"உன் வண்டி. நீ ஓட்டிப் பாரு." சிரித்தார். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

"நான் நாளைக்கு ஓட்டத்தானே போறேன். இன்னிக்கு நீங்க ஓட்டுங்க."

அவர் டீயை உறிஞ்சினார். அப்போது அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். காரின் முன் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"எடுடா வண்டியை. நானும் வரேன். வெளிய போய் எத்தனை நாளாச்சு."

"அம்மா, இறங்கு."

"ஏன்?"

"இறங்குன்னு சொல்றேன்ல."

"அவளை மட்டும் மலை இறங்கச் சொல்றே. நான் ஏற்கெனவே பாதி போனவ, எனக்கென்னடா பயம்? எடு."

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அத்தை கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளை முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் டிரைவர் பக்கக் கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்தார். எடுத்தார். கடைசியில் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஜாக்கியை இழுத்தார்.

"ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு. இறங்கும்மா, தூக்கணும்."

"தூக்கு. நான் இருக்கேன்."

அம்மா உள்ளே இருக்கும்போதே வண்டியின் பின் மூலை மேலே எழும்பியது. அவர் ஸ்டாண்டைக் கொடுத்துவிட்டு அடியில் நுழைந்தார். அவள் எதிர்ப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். சக்கரத்தின் பின்புறத் தகட்டில் பிரேக் குழாய் வந்து சேருகிற இடத்தில் ஒரு சின்ன நட்டு. அதன் விளிம்பில் எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது. அவர் ஸ்பானரை வைத்துத் திருப்பினார். நட்டு திரும்பியது. இன்னும் திரும்பியது. நாக்கு உதட்டுக்கு வெளியே வந்திருந்தது.

அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய். ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. தெருவுக்குள் அழுத்தினால் பிடித்திருக்கும். மலையில் வளைவுக்கு வளைவு அழுத்த அழுத்த, ஏதோ ஒரு வளைவில் பெடல் அவள் காலோடு தரைக்குப் போயிருக்கும். பழைய வண்டி, புதுசாக ஓட்டுகிற பெண் என்று ஊர் உச்சுக்கொட்டியிருக்கும்.

அவர் வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "நட்டு கொஞ்சம் லூசா இருந்திருக்கு. மறந்துட்டேன்."

"மறந்தீங்களா?"

"மனுஷன்னா மறக்க மாட்டானா?" ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு அதே இதமான குரலில் கேட்டார். "அங்க போயே ஆகணும்னு உனக்கு என்ன அவசியம்?"

அவள் உள்ளே போய்க் கட்டி வைத்திருந்த பையை எடுத்தாள். கொட்டகையைத் தாண்டும்போது அவர் தடுக்கவில்லை. பழைய பிரேக் ஷூக்களைப் பேப்பரில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை இறங்கி வந்து பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள்.

"நீங்களும் வந்துடுங்க அத்தை."

"நான் வந்தா அவனும் பின்னாடியே வருவான். இப்ப நீ போ." பஸ் வளைவில் தெரிந்ததும் சொன்னாள்: "போலீசுக்குப் போறதா இருந்தா என்னையும் கூப்பிடு. பார்த்ததைச் சொல்றேன்."

அவள் போலீசுக்குப் போனாள். ஸ்டேஷனில் இருந்தவர், "நட்டு இப்போ டைட்டாத்தானேம்மா இருக்கு?" என்று கேட்டார். அத்தை பஸ் ஏறி வந்து அவர் முன்னால் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். கேஸ் நிற்காது என்றார்கள். ஆனாலும் கணவரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். பிறகு விவாகரத்துக் காகிதம் போனபோது அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பெற்ற பிள்ளையையே காட்டிக் கொடுத்தவள் என்று தெரு அத்தையிடம் பேச்சை நிறுத்தியது. அத்தை அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்ப் பிள்ளைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கூப்பிட்டபோதெல்லாம் வர மறுத்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம், லேப் வாசலில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் அத்தையும் உட்கார்ந்திருந்தாள். மடியில் புடவைகளைத் திணித்த துணிப்பை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்த மாதிரி இருந்தது, பஸ்ஸில் தூங்கி வந்ததாலும் இருக்கலாம்.

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தாள். "என்ன ஆச்சு அத்தை? அவர் எங்க?"

"அங்கதான் இருக்கான்." அத்தை வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஒண்ணும் கேக்காதம்மா. பசிக்குது, முதல்ல சாப்பாடு போடு."