கண்மூடி மாற்று

தீவனக் கடைக்குப் பின்னால் சனிக்கிழமைக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. வெர்னா வண்டியை விட்டு இறங்காமல், மடியில் கிடந்த கம்பளிக் காலுறைக்குள் கையை விட்டு, கத்தி இருக்கிறதா என்று மறுபடியும் தடவிப் பார்த்தாள். வீட்டில் வைத்துக் கட்டியது வழியில் எங்கே போய்விடப் போகிறது. ஆனாலும் கை கேட்கவில்லை. மான்கொம்புப் பிடியின் மேடுபள்ளமெல்லாம் அவள் விரலுக்கு மனப்பாடம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வேறொருவருடையதாகிவிட வேண்டும். ஆகாமல் போய்விடுமோ என்பதுதான் அவள் பயம். ஆகிவிடுமே என்று ஓரமாக ஒரு வலியும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

கால்டர்ஸ் க்ரீக் என்ற அந்த ஊரில் மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் இந்தக் கூட்டம் நடக்கும். வண்டிகளின் பின்கதவை மேசைபோல் மடக்கிவிட்டு, பழைய துண்டை விரித்து, மடக்குக் கத்திகளையும் வேட்டைக் கத்திகளையும் பரப்பி வைத்துக்கொண்டு காப்பி குடிப்பார்கள். விற்பது கொஞ்சம், மாற்றிக்கொள்வது நிறைய, வம்பு பேசுவது எல்லாவற்றையும் விட அதிகம். வாரநாளெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னா இங்கே வந்து சேர்ந்தபோது, சமையல் கத்தி வாங்க வந்தவளாக்கும் என்று சிரித்தார்கள். துருப்பிடித்து மூடிக்கிடந்த கத்திகளை அவள் திறந்து காட்டியதும் சிரிப்பு நின்றது. ஒன்றுக்கும் ஆகாததை அவள் ஆளுக்கொன்றாகத் தலையில் கட்டியதும் மரியாதையே வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் வாய்த்துடுக்கு அதிகம் ஹோபர்ட்டுக்குத்தான். சுரங்க லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர், மனைவி போனபின் ஒரு கிழட்டு நாயோடு தனியாக இருப்பவர். வெர்னாவின் மகன் கெண்டல் முதுகு வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரையை விட முடியாமல் ஆளே உருக்குலைந்துபோன காலத்தில், அவனுக்கு ஒரு சிகிச்சை நிலையத்தில் இடம் கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம். தினமும் விடிவதற்கு முன் கிளம்பிப் போய் அங்கிருப்பவர்கள் கண்ணெதிரே, அந்தப் பழக்கத்தை விடவைக்கும் மருந்தைக் குடித்துவிட்டு வர வேண்டும். அதே நேரம்தான் வெர்னா பஸ்ஸை எடுக்க வேண்டிய நேரமும். வேலையை விட்டால் வீடு நடக்காது, விடாவிட்டால் மகன் பிழைக்க மாட்டான். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதாக நினைவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் ஹோபர்ட்டின் வண்டி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம், ஒரு நாள் தவறாமல் வந்தது. இன்று கெண்டல் டயர் கடையில் வேலை செய்கிறான், உடம்பு தேறியிருக்கிறது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான். வெர்னா பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இந்த நன்றியை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்பதுதான் அவள் பாடு. பெட்ரோலுக்கென்று வண்டியில் வைத்த பணம் மறுநாள் அவளுடைய தபால் பெட்டியில் கிடந்தது. ஆப்பிள் வைத்துச் சுட்டுக்கொண்டு போன இனிப்புப் பலகாரத்தை, "நாய்க்கு இனிப்பு ஆகாதும்மா," என்று கதவைப் பாதி திறந்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டார். நேரில் நின்று வாயைத் திறந்தால், நன்றி என்ற சொல் வருவதற்குள் வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிடுவார். "அவன் சும்மா கூட உக்காந்து வந்தான். நான் அந்தப் பக்கம் காப்பி குடிக்கப் போனேன். அங்க காப்பி நல்லாருக்கும்," என்பார். போகும்போதும் வரும்போதும் என்ன பேசுவீர்கள் என்று கெண்டலிடம் ஒருமுறை கேட்டாள். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையாம். நாயைப் பற்றியும், அம்மா தரமாட்டேன் என்கிற அந்த மான்கொம்புக் கத்தியைப் பற்றியும்தான் பேச்சாம்.

அந்தக் கத்தி அப்படிப்பட்டது. மூடிப்போன ஒரு இரும்புக் கடையின் பரணில், எண்ணெய்த்தாள் சுற்றியபடி கிடந்து அவளிடம் வந்த மடக்கு வேட்டைக் கத்தி. செய்த இடத்திலிருந்து வந்த கூர் அப்படியே இருந்தது. சாணைக் கல்லைக் கண்டதில்லை, ஒரு நூலைக்கூட அறுத்ததில்லை. அதன் மதிப்பே அதுதான், ஒருமுறை எதையாவது அறுத்துவிட்டால் சேகரிக்கிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் மூட்டில் மசகு இறுகி, துரு ஏறி, திறக்க வரவில்லை. ஹோபர்ட்டின் வண்டி விளக்கு வளைவில் மறைந்த பிறகு, பஸ் எடுக்கும்வரை இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் வெர்னாவால் சும்மா உட்கார முடியாது. கெண்டல் இன்று பாதியில் இறங்கி ஓடிவிடுவானோ என்று மனது அடித்துக்கொள்ளும். அடுப்படி மேசையில் கத்தியை வைத்து மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள், பல்குத்தும் குச்சியால் அழுக்கைக் கிளறுவாள், அலகை மயிரிழை அசைப்பாள். அவசரப்பட்டால் பிடி விரிசல் விட்டுவிடும். முதன்முதலாக அது முழுதும் திறந்து 'டக்'கென்று நின்ற காலையில், அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கத்திக்காகவா மகனுக்காகவா என்று அவளுக்கே தெரியாது.

அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டிய நாள் முதல் ஹோபர்ட் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தார். எதை நீட்டினாலும் அவள் மாற்றிக்கொள்ள மறுத்தாள். இப்போது சும்மா கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். மிச்சமிருந்தது ஒரே வழி, கண்மூடி மாற்று. இரண்டு பேர் ஆளுக்கொரு கத்தியைக் காலுறைக்குள் போட்டுக் கொண்டுவருவார்கள், தொட்டுப் பார்க்கக் கூடாது, ஒரே நேரத்தில் கை மாற வேண்டும். மாறிய பிறகு தங்கமானாலும் தகரமானாலும் திருப்பிக் கொடுக்கிற பேச்சே இல்லை. திருப்பியவனுக்கு அந்த இடத்தில் அப்புறம் முகமில்லை.

வெர்னா இறங்கி வந்து காலுறையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். கொஞ்சம் தெரியும்படியே ஒளித்தாள்.

"ஹோபர்ட், கண்மூடி மாத்து போடலாமா?"

அவர் காப்பியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு? போன மாசம் ஆர்லிஸ் தலையில அலகே இல்லாத கத்தியக் கட்டினியே, அது மாதிரி எனக்கும் ஒண்ணு இருக்கா?"

"பயமா இருந்தா வேணாம்."

"யோவ், போடாத!" என்றார் ஆர்லிஸ். கூட்டத்துக்கு நடுவர் மாதிரி இருப்பவர் அவர்தான். "அவ முழியப் பாரு. உள்ள கரண்டிதான் இருக்கு."

"கரண்டிக்கு ஏத்த சாமான் என்கிட்டயும் இருக்குய்யா," என்று ஹோபர்ட் எழுந்தார். தன்னை ஏமாற்ற வருகிறவளை ஏமாற்றுவதென்றால் அவருக்கு விருந்து. வண்டியின் முன்பக்கம் போய் எதையோ துழாவி, ஓட்டைக் காலுறை ஒன்றில் போட்டுக்கொண்டு வந்தார். முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று வெர்னா தரையைப் பார்த்தாள்.

ஆர்லிஸ் கையைத் தட்ட, இரண்டு காலுறையும் கை மாறின.

வாங்கிய உடனேயே ஹோபர்ட்டின் முகம் மாறிவிட்டது. அந்த எடை அவர் கைக்குத் தெரியும். வெர்னா தன் பங்கை உதறினாள். மாட்டுத் தீவனம் வாங்கினால் இனாமாகக் கொடுக்கிற கத்தி, அலகு பாதியில் முறிந்திருந்தது. எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஹோபர்ட் மான்கொம்பை வெளியே எடுத்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"தப்பா எடுத்துட்டு வந்திட்டே," என்றார் அவர்.

"இல்ல."

"மாத்திக்கோ வெர்னா."

"ஆர்லிஸ், சட்டம் என்ன சொல்லுது?"

"கை மாறினா மாறினதுதான். ஆனா ஏம்மா, அது..." என்று இழுத்தார் ஆர்லிஸ்.

"நான் உன்கிட்ட எதுவும் கேக்கலியே," என்றார் ஹோபர்ட், வெர்னாவைப் பார்த்து. குரலில் கோபம் இருந்தது. "இது ஏமாத்து வேலை."

"ஏமாத்துதான்," என்றாள் வெர்னா. "வேற எப்படிக் குடுத்தாலும் நீங்க வாங்க மாட்டீங்க. எம்புள்ள இன்னிக்கு உசிரோட இருக்கான். காலையில முட்டை பொரிச்சு எனக்கும் ஒரு தட்டு வச்சான். அத நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லவிட்டீங்களா நீங்க?"

இத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குக் காது சுட்டது. ஹோபர்ட் கத்தியை ஆர்லிஸ் வண்டியின் பின்கதவின் மேல், விரித்திருந்த துண்டில் மெதுவாக வைத்தார். திரும்பித் தன் வண்டியை நோக்கி நடந்தார். ஆர்லிஸ் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போகிறார், என்று நினைத்தாள் வெர்னா. கத்தியை விட்டுவிட்டுப் போகிறார். இனி இந்த சனிக்கிழமைகளும் இல்லை. ஒரு மனிதனுக்கு நல்லது செய்யப் போய் அவரையே இழந்துவிட்டாள்.

ஆனால் இஞ்சின் சத்தம் வரவில்லை. ஹோபர்ட் திரும்பி வந்தார். கையில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஆப்பிள் ஒன்று இருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கத்தியை எடுத்துத் திறந்தார்.

"ஐயையோ, ஹோபர்ட்டு!" என்று ஆர்லிஸ் கத்தினார். "வேணாம்யா! அறுத்துட்டா அவ்வளவுதான், இனி எவனும் தொடமாட்டான்!"

"தொட வேண்டாம்," என்றார் ஹோபர்ட். "என் கத்தி. உனக்கென்ன?"

கூட்டமே பார்த்துக்கொண்டு நிற்க, எதையுமே அறுத்திராத அந்த அலகு ஆப்பிளுக்குள் இறங்கியது. இரண்டு குளிர்காலம் அதன்மேல் ஒரு கீறல் விழாமல் காத்தவளுக்கு வலித்திருக்க வேண்டும். அவளுக்கோ, நெடுநேரம் தூக்கிக்கொண்டு நின்ற குடத்தை யாரோ வந்து இடுப்பிலிருந்து இறக்கி வைத்ததுபோல் இருந்தது. இனி அவரே நினைத்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது. அது அவருக்கும் தெரியும்.

முதல் துண்டைக் கத்தியின் முனையில் வைத்தபடி அவளிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா வெட்டுது," என்றார். "பையன் முட்டையில உப்பு போட்டானா?"

"அதிகமாவே போட்டுட்டான்," என்றாள் வெர்னா. அழுகையும் சிரிப்புமாக வாயில் போட்டுக்கொண்டாள். பழம் புளித்தது. சாறு பட்ட இடத்தில் இரும்பு மெல்லச் சாம்பல் பூத்து, ஓரத்தில் நீலமாகிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் தாங்க முடியாமல் துடைக்கத் துணியை நீட்டினார். ஹோபர்ட் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த துண்டை நறுக்கத் தொடங்கினார்.