ஒன்பதாம் வரி

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து வந்தது. பிழை என் மனைவி அனுசுயாவுடையது. அவள் இப்போது இல்லை. காய்ச்சல். அதற்கு மேல் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

(தேவை என்று நினைத்து எழுதியும் பார்த்தேன். மருத்துவமனை வாசல், சொட்டும் பாட்டில். அழித்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அன்று காலை காற்று –

இல்லை. காற்று அடித்ததா என்று நினைவில்லை.

இரண்டாவது: குவாண்டம் கணினி என்பது –

இது பாடம்.

மூன்றாவது, நடந்தது மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மேனாம்பேட்டில், தன் வீட்டு மாடியறையில், சபீனா குவாண்டம் கணினிக்கு நிரல் எழுதச் சொல்லித்தருகிறார். புத்தகம் கிடையாது. முதல் நாளே மடிக்கணினியைத் திறந்து எழுத வேண்டும். தப்பாக வந்தால் ஏன் என்று தேட வேண்டும். எழுதியதை இணையம் வழியாக எங்கோ இருக்கும் நிஜக் கணினிக்கு அனுப்பலாம். வரிசையில் காத்திருந்தால் விடை வரும்.

சேர்ந்தது அனுசுயா. இப்போது அவள் நாற்காலியில் நான் உட்கார்கிறேன். அவள் மடிக்கணினி, அவள் பெயரில் உள்ள இணையக் கணக்கு.

(பாத்திரத்துக்குக் காரணம் வேண்டும் என்பார்கள். இந்தப் பாத்திரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. போதும்.)

3

அவள் கடைசியாக எழுதியது மிகச் சின்னப் பயிற்சி. ஒரு க்யூபிட், அதாவது குவாண்டம் கணினியின் ஒரே ஒரு பிட். முதலில் பூஜ்யத்தில் இருக்கும். எச் கேட் என்ற ஒன்றை அதன்மேல் வைத்தால், பூஜ்யமா ஒன்றா என்று தீராத நிலைக்குப் போகும். அதே கேட்டை இன்னொரு முறை வைத்தால் புறப்பட்ட பூஜ்யத்துக்கே திரும்பிவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் பூஜ்யம்தான்.

ஒரு நிபந்தனை. நடுவில் அளந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்த இடத்திலேயே ஏதோ ஒன்றாகத் தீர்ந்துவிடும். பிறகு இரண்டாவது கேட்டை வைத்தாலும் அதை மீட்க முடியாது. விடை பாதிக்குப் பாதி வரும்: பாதி முறை பூஜ்யம், பாதி முறை ஒன்று.

அவளுக்குப் பாதிக்குப் பாதி வந்திருந்தது. ஏன் என்று தேடும் முன் படுத்துவிட்டாள்.

4

தேடியது நான். பெரிய தேடல் இல்லை. இரண்டு கேட்டுகளுக்கும் நடுவே, ஒன்பதாம் வரியில், ஓர் அளவீடு. அதே வரியில், பக்கத்தில், தமிழில் ஒரு கமெண்ட், கணினி கண்டுகொள்ளாத குறிப்பு:

சும்மா ஒருவாட்டி பாத்துக்கறேன்.

வினோத் எட்டிப் பார்த்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில், கார் உதிரிபாகக் கம்பெனியில் அவளோடு வேலை பார்த்தவன். அவள் இழுத்து வந்துதான் வகுப்பில் சேர்ந்தான்.

"அண்ணாத்தே, இன்னா இது! எங்க இன்ஸ்பெக்டரம்மா இங்கியும் கேஜ் வச்சிக்கீறாங்க!"

சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

அவர்கள் கம்பெனியில் அப்படித்தான். ஒரு மிஷினில் வேலை முடிந்ததும் பீஸை எடுத்து, கேஜ் வைத்து அளவு பார்த்த பிறகே அடுத்த மிஷினுக்குப் போகும். பார்க்காமல் விட்டால் இன்ஸ்பெக்டருக்கு மெமோ. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அந்த வேலை. பார்க்காமல் அனுப்ப அவள் கைக்குத் தெரியாது.

(வினோத் நிஜமாகச் சிரித்தானா? சிரித்தான். அவள் போன பிறகு அவளைப் பற்றி யாரும் குரலைத் தணிக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது.)

என்னையும் அப்படித்தான் பார்ப்பாள். அவள் ஷிஃப்ட் நடுவில், மிஷின் பக்கத்திலிருந்தே எனக்குப் போன் வரும்.

"இன்னா பண்ற?"

"வேலை."

"சாப்ட்டியா?"

"ம். ஏன், இன்னா?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒருவாட்டி பாத்துக்கறேன்."

வைத்துவிடுவாள்.

5

"அடுத்த ஞாயிறு எல்லாரோடதையும் நிஜ மெஷினுக்கு அனுப்புறோம்," என்றார் சபீனா. "அனுவோடதும் போகட்டுங்க. அந்த லைனை மட்டும் எடுத்துடுங்க, சரியாயிடும்."

"எடுத்தே ஆகணுமா?"

"எடுக்காம எப்படிங்க சரியாகும்?"

"எடுத்துட்டா?"

"ஒண்ணுமே நடக்காத மாதிரி பூஜ்யத்துக்கு வந்துரும்."

அவர் பாடத்தைத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும்.

"டீ போடறேன்," என்று கீழே இறங்கிப் போனார்.

6

இனி முடிவுகள்.

முடிவு அ. அழித்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நிஜக் கணினி என்பதால் அங்கங்கே தப்பித் தவறி ஒரு ஒன்று. "சரியா வந்துருச்சு," என்றார் சபீனா. எல்லோரும் கை –

இதற்கு மேல் எழுத வரவில்லை.

முடிவு ஆ. அப்படியே அனுப்பினேன். பாதிக்குப் பாதி. வினோத் என் தோளில் –

இல்லை. வினோத் தோளில் கை வைக்கிறவன் இல்லை. தவிர, ரிஜெக்ட் ஆக வேண்டிய பீஸை அவள் ஒருநாளும் பாஸ் செய்ததில்லை. அவள் பெயரில் நான் எப்படிச் செய்வது?

முடிவு இ. நகல் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்தலாமே என்பீர்கள். எடுத்தேன். எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆனால் நகல் நான் ஒட்டியது. அழிக்கப்போவது அவள் தட்டியது.

7

இதுவரை எழுதியதைச் சபீனாவிடம் காட்டினேன்.

"நடுவுல நடுவுல அடைப்புக்குறி போட்டு நீங்களும் எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கீங்க," என்றார். "அதையெல்லாம் எடுத்துட்டா நல்லா வரும்."

வரலாம். எடுக்கவில்லை.

8

ஞாயிறு காலை. மாடியறை. மற்றவர்களுடையது போய்விட்டது. வினோத் டீ கிளாஸோடு நிற்கிறான், குடிக்கவில்லை. சபீனா அவசரப்படுத்தவில்லை. கர்சர் ஒன்பதாம் வரியின் கடைசியில் மினுக்கிக்கொண்டிருக்கிறது.

நான் கையை எடுத்துக்கொள்கிறேன். மடிக்கணினியை உங்கள் பக்கம் திருப்புகிறேன். எடுப்பதும் விடுவதும் இனி உங்கள் இஷ்டம். எதுவானாலும் அவள் கணக்கிலிருந்துதான் போகும்.

எடுப்பதானால், அதற்கு முன் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கொஞ்சம் வேகமாக. பின்னால் மிஷின் ஓடுகிற சத்தத்தில், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசுகிற ஒருத்தி சொல்வது போல.

சும்மா ஒருவாட்டி பாத்துக்கறேன்.