பூண்டுப் பாலில் கரைந்தது

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. பூண்டின் மருத்துவக் குணங்களைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு மாத இதழ் கேட்டிருந்தது. ‘பூண்டு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்’ என்று எழுதினேன். ‘ஓரளவு குறைக்கலாம்’ என்று திருத்தினேன். பிறகு, கேரள மலையில் பூண்டு விளையும் காந்தலூருக்குப் போனேன்; கட்டுரை நின்றுவிட்டது.

2

பாண்டித்துரை அங்கே பூண்டு பயிரிடுகிறவர். இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். “நம்ம காட்டுல வெளையுறதே மருந்து. மாத்திரை எதுக்கு?” மனைவி செல்வலட்சுமி காலைதோறும் பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்துக் கொடுத்தாள். அடுத்த பரிசோதனையில் அழுத்தம் இறங்கியிருந்தது. அதைச் சொல்லியே சுற்றுலா வருகிறவர்களிடம் பூண்டு விற்றார். என்னிடமும் சொன்னார். நானும் நம்பி எழுதிக்கொண்டு

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். அவர் எழுந்து போனதும் செல்வலட்சுமி சொன்னாள்: “அத அப்படியே எழுதிராதீங்க சார். படிச்சுட்டு யாராச்சும் மாத்திரைய விட்டுறப் போறாக. நான் மாத்திரையப் பொடிச்சு அந்தப் பால்லதான் கலக்குறேன். அவுகளுக்குத் தெரியாது.”)

3

முதல் வரைவில் அவளைத் தந்திரக்காரியாக்கினேன். பொருந்தவில்லை. அவளுடைய அப்பா அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டு, எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் ஒரு பக்கம் செயலற்றுக் கிடந்து செத்தவர். பயந்தவள் என்று எழுதியதும் கதை நகர்ந்தது.

மறுநாள் மகளின் பிரசவத்துக்கு அவள் மூணாறு போகவேண்டும். இனி யார் கலந்து கொடுப்பார்கள்?

4

பஸ் நிறுத்தத்தில் மாத்திரை அட்டையை அவர் கையில் வைத்துச் சொல்லிவிட்டாள். நானும் அதே பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப பூண்டு ஒண்ணுமே செய்யலையா?”

“அது தனியா என்ன செஞ்சுச்சுன்னு எனக்கென்ன தெரியும்?”

“ஊருக்கெல்லாம் என்னையப் பொய் சொல்ல வச்சுட்டியே.”

“நீங்க இருந்தாத்தான சொல்லுவீக.”

5

அவர் அட்டையை ஓடையில் எறிவதாக ஒரு முடிவு எழுதினேன். அங்கேயே ஒன்றை விழுங்குவதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். (இரண்டாவது, மருந்துக் கம்பெனி விளம்பரம் மாதிரி இருந்தது.)

நான் பார்த்தது இவ்வளவுதான். பஸ் கிளம்பும்போது அவரருகே ஒரு கார் நின்றது. உள்ளேயிருந்த பெண் கண்ணாடியை இறக்கி, பூண்டு பிரஷருக்கு நல்லதா என்று மலையாளத்தில் கேட்டாள். பாண்டித்துரை கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தபடியே செல்வலட்சுமி கேட்டாள்: “என்ன சொல்லியிருப்பாக?”

எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை அவளிடம் சொல்லுங்கள்.