முதலாளியின் நிறம் முப்பத்தொன்று

முதலாளி காலைக் கூட்டத்தைக் கரண்டியோடுதான் தொடங்குவார். ஊழியர்கள் மேஜையைச் சுற்றி நிற்க, ஒரு குவளை வெந்நீரில் ஒரு கரண்டி செந்தூளைக் கொட்டி, கடலையே கலக்குகிறவர் போலக் கலக்கி, ஒரே மடக்கில் குடித்து முடிப்பார். “நான் சாப்பிடாததை என் மீன் சாப்பிடாது” என்பார். மீசையில் ஒட்டியதைத் துடைக்காமல் சற்று நிற்பார். அது புகைப்படக்காரருக்காக.

அந்தத் தூள் நுண்பாசி. சால்மன் பண்ணைகளில் வழக்கமாகக் கடலில் சின்ன மீனைப் பிடித்து, அரைத்து, பெரிய மீனுக்குப் போடுவார்கள். இந்த அநியாயத்தை ஒழிக்கப்போவதாக முதலாளி மேடைமேடையாக அறிவித்திருந்தார். ஒழிக்கும் வேலையைப் பாசி மேடத்திடம் விட்டிருந்தார்.

பாசி மேடம் என்பது அலுவலகம் வைத்த பெயர். கட்டடத்தின் பின்பக்க அறையில், ஆள் உயரக் கண்ணாடிக் குழாய்களில் அவர் பாசி வளர்த்தார். சாதாரணமாக அது பச்சை. பட்டினி போட்டு, சுள்ளென்ற வெளிச்சத்தில் நிறுத்தினால் சிவந்துவிடும். யாரை அப்படி நிறுத்தினாலும் சிவக்கத்தான் செய்வார்கள். அந்தச் சிவப்பு தீவனத்தில் சேர்ந்தால்தான் பண்ணை சால்மனின் சதைக்கு நிறம். வெளுத்த சால்மனைக் கடையில் யாரும் தொடுவதில்லை.

ஒரு பெரிய கடைத்தொடருக்குக் கொள்முதல் செய்யும் அம்மையார் மீனைப் பார்க்க வரவிருந்தார். மீன் சிவந்திருந்தால் ஒப்பந்தம். வெளுத்திருந்தால் குழாய்களைக் கழற்றி, பாசி மேடத்தை வீட்டுக்கு அனுப்பி, அந்த அறையை முதலாளியின் மச்சானுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. மச்சான் நிறுவனத்தின் துணைத் தலைவர். அவருக்கு என்ன வேலை என்பது இன்னும் முடிவாகவில்லை. அறைக்கான திரைச்சீலை முடிவாகியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், குழாய்கள் கொடுத்த தூள் கொஞ்சம். கரண்டிகள் நிறைய. முதலாளிக்கு ஒன்று. “முகம் பளபளன்னு ஆகுதுங்க” என்று அவர் மனைவிக்கு ஒன்று. மச்சானுக்கு ஒன்று. மாமியாருக்குக் காலையும் மாலையும். பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு முதலாளியின் படம் போட்ட சின்ன டப்பா.

“சார், மீனுக்குப் பத்தல” என்றார் பாசி மேடம்.

“மீன் காத்திருக்கும்மா. உலகம் காத்திருக்காது.”

“அந்தம்மா மீனைத்தான் சார் பார்க்க வர்றாங்க.”

“முதல்ல என்னைப் பார்ப்பாங்க” என்றார் முதலாளி.

அது உண்மையாகப் போயிற்று.

முதலில் அவருடைய உள்ளங்கை நிறம் மாறியது. பிறகு மூக்கு. பிறகு நெற்றி ஏறி வழுக்கை வரை. அலுவலகத்தில் அனைவருக்கும் தெரிந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் நிறம் பார்ப்பதில்லை. புகைப்படக்காரர் மட்டும் படங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, “இதுல ஒரு கம்பீரம் இருக்கு சார்” என்று தப்பித்தார். ஒருநாள் கண்ணாடியில் முதலாளியே திடுக்கிட்டபோது மச்சான் சமாளித்தார்.

“லைட்டுதான் அத்தான் சரியில்ல.”

கட்டடம் முழுக்க விளக்கை மாற்றினார்கள். முதலாளி மாறவில்லை.

கொள்முதல் அம்மையார் அதிகம் பேசாதவர். பாசி அறைக்குள் வந்ததும் பையிலிருந்து, மீன் சதையின் நிறத்தை அளக்கும் ஒரு விசிறியை எடுத்தார். இளஞ்சிவப்பில் தொடங்கிச் செங்கல் நிறம் வரை போகும் அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். இருபதில் ஆரம்பம், முப்பத்துநான்கில் முடிவு. மீன் துண்டின்மேல் விரித்துப் பார்த்தார்.

“இருபதுக்கே வரல. காய்ச்சல்ல கெடந்த மாதிரி இருக்கு.”

முதலாளி தொண்டையைச் செருமினார். “நான் அப்பவே சொன்னேன். பாசி ஒரு அழகான கனவு. நடைமுறைக்கு ஒத்து வராது. இந்த மேடம் பேச்சை நம்பி ஏமாந்துட்டேன். நிறமே ஏறாத ஒரு பொருளை…” என்று ஐந்து விரல்களையும் விரித்து உயர்த்தினார்.

மச்சான் அந்த அறையின் ஜன்னலை அளவெடுக்கும் கண்ணோடு பார்த்தார்.

“சார், கையை அப்படியே வெச்சிருங்க” என்றார் பாசி மேடம். விசிறியை வாங்கி அந்த உள்ளங்கைமேல் விரித்தார். ஓர் அட்டை எங்கே முடிகிறது, முதலாளி எங்கே தொடங்குகிறார் என்று தெரியவில்லை.

“முப்பத்தொண்ணு” என்றார் கொள்முதல் அம்மையார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. “என்ன போடறீங்க இவருக்கு?”

“பாசிதான். தினம் ஒரு கரண்டி. மீனுக்குச் சேர வேண்டியது.”

மச்சான் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டார். வெளியே எடுக்கச் சொல்லிப் பார்த்ததில் இருபத்தாறு.

சொல்லிவைத்தது போல மாமியார் காலி டப்பாவோடு உள்ளே வந்தார். “மாப்பிள்ளை, தூள் தீர்ந்துபோச்சு. என்ன, எல்லாரும் கையை நீட்டிட்டு நிக்கறீங்க? ஜோசியமா?”

அவருக்கு முப்பத்துமூன்று.

“அப்போ வீட்லயே நான்தான் அதிகமா?” என்று கேட்டார். முகத்தில் சந்தோஷம் தெரிந்ததா என்று சொல்வது கடினம். அந்த நிறத்தில் எதுவும் தெரியாது.

கொள்முதல் அம்மையார் விசிறியை மடக்கினார். “சரக்கு வேலை செய்யுது. ஆள்தான் மாறிப்போச்சு. அடுத்த தடவை வர்றேன். மீன் இருபத்தெட்டுல இருந்தா கையெழுத்துப் போடறேன். தூள் இந்த மேடம்கிட்ட பூட்டுல இருக்கணும்.” வாசலில் நின்று யோசித்து, விசிறியைப் பாசி மேடத்திடமே கொடுத்துவிட்டுப் போனார்.

குழாய்கள் கழற்றப்படாமல் அதே அறையில் நின்றன. திரைச்சீலையை மச்சான் வீட்டில் மாட்டிக்கொண்டார். காலைக் கூட்டத்தில் முதலாளி வெறும் வெந்நீரைக் கலக்கிக் குடித்தார். வசனம் மட்டும் குறையவில்லை. அம்மையார் மறுபடி வந்தபோது மீன் இருபத்தொன்பது. கையெழுத்து ஆயிற்று.

அன்று மாலை முதலாளி பின்பக்க அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, கையை நீட்டினார்.

“இப்ப நான் எவ்வளவும்மா?”

“இருபத்திரண்டு சார். நல்லா எறங்கிட்டீங்க.”

“மாமியார்?”

“காலையில வந்து பார்த்துக்கிட்டாங்க. முப்பத்துநாலு.”

முதலாளி பூட்டைப் பார்த்தார். பூட்டு சரியாகத்தான் இருந்தது. பிறகு, போன மாதம் மாமியார் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போன மீன்தீவன மூட்டை அவர் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் மீனே கிடையாது.