மரத்துக்கு ஒரு கிளை

அன்று மரங்கள் முழுக்கப் பூத்திருந்தனவா, பாதிதானா என்று இப்போது கேட்டால் எங்கள் ஈரானிய ஊர் நதன்ஸில் ஆளுக்கொன்று சொல்வார்கள், எனக்கும் உறுதியில்லை. ஹாஜி நுஸ்ரத்தின் உடல் கிடந்த சந்தூக்கின் மேல் அவர் மகன் இராஜ் பேரிக்காய்ப் பூங்கிளைகளை அடுக்கிக்கொண்டிருந்ததும், அவன் அக்காள் தூபா வந்து நின்றதும் மட்டும் நிச்சயம்.

“எந்த ரம்பத்தால வெட்டுனே?”

“என்னக்கா?”

“ரம்பம். எது?”

“மரத்தடியில கிடந்தது. அப்பா கையிலேர்ந்து விழுந்ததுதான்.” அவன் இன்னொரு கிளையை வைத்தான். “அவர் வளர்த்த மரம் ஒவ்வொண்ணுலயும் ஒரு கிளையாவது அவர்கூடப் போகட்டும்னு…”

“ஒவ்வொண்ணுலயுமா?”

“ஒண்ணு விடல.”

“மகன்னா இப்படி இருக்கணும்” என்று சித்தப்பா கண்ணைத் துடைத்தார்.

தூபா பல்லைக் கடித்துக்கொண்டாள். தோட்டத்தில் கருகல் நோய் கண்டது ஒரே மரம். இராஜ் பிறந்தபோது வைத்தது. இலையுதிர்ந்தபோதே அதைச் சாய்த்துவிடச் சொன்னாள். “அவன் மரம்மா” என்று அப்பா கேட்கவில்லை. நேற்று, பட்டை வெடித்துப் பிசின் கசிந்த கிளையை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நோய்க்கிளையைத் தொட்ட ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைக்காமல் இன்னொரு மரத்தில் வைக்காத மனிதர். ‘தொழப் போற ஹாஜியைவிட அவர் ரம்பம்தான் ஒழுங்காக் கழுவி ஒளு செய்யுது’ என்பார்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள். நேற்று மட்டும் துடைக்க நேரமில்லை.

ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூபா ரம்பத்தையும் ஸ்பிரிட் புட்டியையும் எடுத்தாள்.

“அப்பன் இன்னும் மண்ணுக்குள்ள போகல” என்றாள் அடுப்படியில் துக்கத்துக்கு வருபவர்களுக்காக அல்வா கிண்டிக்கொண்டிருந்த சித்தி, எல்லோர் காதிலும் விழும்படி. “மகளுக்குத் தோட்டத்துமேல கண்ணு.”

“அல்வா அடிப்பிடிக்குது சித்தி. அதைக் கிண்டுங்க.”

முதலில் இராஜின் மரத்தை அடியோடு சாய்த்தாள். பிறகு அவன் வெட்டிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கை நீளம் கீழே அறுத்தாள், துடைத்தாள், அடுத்த மரத்துக்குப் போனாள். பேரிப் பூக்கள் தலையில் கொட்டின, அவற்றுக்கே உரிய மீன் கவிச்சியோடு. இறந்தவர்மேலும் கோபம் வந்தது. அதைத் துடைக்க எதுவுமில்லை.

கபரஸ்தானிலிருந்து திரும்பிய இராஜ் வேலியருகே நின்றுவிட்டான்.

“அவரை அடக்கிட்டு வர்றதுக்குள்ள மொட்டையடிச்சிட்டியே. என்மேல கோபம்னா என்னை அடி. மரம் என்ன பண்ணுச்சு?”

“நோய் மரத்தை அறுத்த ரம்பம்டா அது. எல்லாத்துக்கும் ஒட்ட வெச்சிருக்கே.”

“நான் பூதான்க்கா எடுத்தேன்.”

அவள் ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைத்தாள்.

“தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிறே.”

ஏழாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்கு முன்பே இராஜ் தெஹ்ரானுக்குப் போய்விட்டான். அக்காள் ஆத்திரத்தில் மரங்களை வெட்டினாள் என்றே இன்றும் சொல்கிறான். சித்தி வருவதில்லை. சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று இருட்டுவதற்குள் தூபாவால் போய்ச் சேர முடியாத வாசல் வரிசை அந்தக் கோடையிலேயே கறுத்தது, தோண்டி எரித்தாள். மற்றவை பிழைத்துக் காய்க்கின்றன. பேரிக்காயை மரத்தில் பழுக்க விடக் கூடாது, பறித்து வைத்தால்தான் பதமாகப் பழுக்கும். கல்லாக இருக்கும்போதே பறித்து, வருஷந்தோறும் ஒரு பெட்டி தம்பிக்கு அனுப்புகிறாள்.