வில்லை வரைக்கும்

கூடத்தில் இடம் போதவில்லை என்று சாப்பாட்டு மேசையை வாசல் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது, இறந்தவளின் கைபேசி சேவல் மாதிரி கூவியது. அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். மேசையின் ஒரு பக்கம் அவள் புருஷன் மெஷின்காரர், மறுபக்கம் அவள் தங்கை. ரெண்டு பேருக்கும் கை ஒழியவில்லை. சேவலும் விடுவதாயில்லை.

“யாராவது அந்தச் சேவலைப் புடிங்கப்பா,” என்றார் மெஷின்காரர்.

மூலையில் ஒருவர் வந்த சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். தங்கை மேசையை இறக்கிவிட்டு ஓடினாள். சத்தத்தை அடக்கி, திரையில் இருந்ததை வாசித்தாள். ‘தட்டு பாக்கணும்.’ அவ்வளவுதான், மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

“பாத்தீங்களா அத்தான், வர்றவங்களுக்குத் தட்டு காணுமான்னு போற நேரத்துலயும் கவலைப்பட்டிருக்கா!”

கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுக்களைக்குப் போய், பரணில் கிடந்த தட்டையெல்லாம் இறக்கிக் கழுவத் தொடங்கினாள். அது எந்தத் தட்டு என்று மெஷின்காரருக்குத்தான் தெரியும்.

அவர் கோழிக்கறி சாசேஜ் தொழிற்சாலையில் கறி அடைக்கும் மெஷினை ஓட்டுகிறவர். அவள் உணவுப் பரிசோதனைக் கூடத்தில், அதே கறியில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கிறவள். ‘நீங்க அடைங்க, நான் பிரிக்கிறேன்’ என்பாள். நேற்று வேலை முடியும் நேரத்தில், அவர் மெஷினில் அடைத்த சரக்கிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியைத் தட்டில் பூசி, மருந்து வில்லைகளை வைத்து, சூட்டுப்பெட்டிக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்றவில்லை.

தட்டு சமாசாரத்தை அவருக்கு அவள் விளக்கியது மாவை வைத்துத்தான். போன வாரம் ஒரு தட்டில் மாவைப் பரப்பி, அவர் சட்டையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த பொத்தான்களைப் பிய்த்து மேலே வைத்தாள்.

“மாவுதான் கிருமி. பொத்தான்தான் மருந்து.” ஒரு பொத்தானைச் சுற்றி ஊதினாள். மாவு விலகி வெறும் வட்டம் விழுந்தது. “மருந்து கேட்டா இப்படி ஒதுங்கி நிக்கும்.” இன்னொரு பொத்தானைச் சுற்றி மாவை விரலால் நெருக்கினாள். “இவன் அசையாதவன். எந்த மருந்துக்கும் மசிய மாட்டான். வில்லை வரைக்கும் ஒட்டிக்கிட்டு வளருவான். இவன் உடம்புக்குள்ள பூந்தா டாக்டர் கையைப் பிசையணும்.”

“நம்ம கறியில அவன்லாம் கிடையாது. தினம் நான் கழுவுற மெஷினு.”

“நீங்க மெஷினைக் கழுவுறீங்க. மருந்தா ஊட்டி வளர்த்த கோழியில வர்றவனை எதால கழுவுவீங்க?”

“பந்தயமா?”

“பந்தயம். தோத்தவங்க ஆயுசுக்கும் காலைல எந்திரிச்சு டீ போடணும்.”

“யாரு ஆயுசுக்கு?”

“இருக்கிறவங்க ஆயுசுக்கு. முன்னாடி போறவங்க தப்பிச்சாங்க!”

டீ கைக்கு வராமல் படுக்கையை விட்டு எழுந்த பழக்கம் அவருக்கு இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு அவர் ‘அசையாதவர்’.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அவளோடு வேலை பார்க்கும் பெண். முகத்தில் பாதியை மறைக்கிற மூக்குக்கண்ணாடியால் அவளுக்குக் ‘கண்ணாடி’ என்றே பேர். கையில் பூவோடு விம்மிக்கொண்டு வந்தவளை மெஷின்காரர் படியிலேயே மறித்தார்.

“நீ எதுக்கும்மா வந்தே?”

கூடமே திரும்பிப் பார்த்தது.

“அண்ணே... அக்காவுக்காக லேபையே மூடிட்டோம்ணே.”

“நீங்க மூடினா கிருமியும் லீவு போட்டுக்குமா? தட்டை யாரு பாக்குறது?”

“நாளைக்கு...”

“நாளைக்குப் பாத்தா அளவு தப்பிப்போகும்னு அவதான் சொல்லுவா. சாயங்காலம் சரக்கு வண்டி ஏறிடும். நேரா கடை, நேரா யாரோ ஒரு புள்ள வயிறு. அவ கடைசியா வச்ச தட்டும்மா. அது குப்பைக்குப் போகக் கூடாது.”

“துக்கத்துக்கு வந்தவளை விரட்டுறீங்களே அத்தான்!” என்று தங்கை ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

கண்ணாடி உள்ளே போய் அக்காவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பூவைத் தங்கையின் ஈரக்கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மயானத்துக்கு எடுத்துப்போகிற வண்டி வந்தது.

“கிளம்பலாங்களா?” என்றார் வண்டிக்காரர்.

“செத்த பொறுங்க. ரிசல்ட் வரணும்.”

“அம்மா பரீட்சை ஏதாச்சும் எழுதியிருந்தாங்களா?”

“அவ எங்க எழுதினா! எழுதினவன் நான். அவ திருத்துறவ.”

வண்டிக்காரர் வண்டிக்கே திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒருவழியாக மெஷின்காரரின் கைபேசி அடித்தது.

“அண்ணே, வில்லை வரைக்கும் ஒட்டி வளர்ந்திருக்குண்ணே! கடைசி வில்லையைச் சுத்தி மட்டுந்தான் வட்டம். ஸ்கேல் வச்சு அளந்துட்டேன். மேல சொல்லியாச்சு, சரக்கு வண்டி ஏறாது.”

“தட்டு எப்படிம்மா இருந்துச்சு?”

“அக்கா பூசின தட்டாச்சே. பாய் விரிச்ச மாதிரி, ஒரு இடத்துல தூக்கல் இல்ல, ஒரு இடத்துல குறைச்சல் இல்ல. எனக்கு இன்னும் அப்படி வரலண்ணே.”

“வரும், வரும்.”

கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். பொத்தான் இல்லாத சட்டை. கூடத்தைப் பார்த்து, “சரிடி, தோத்துட்டேன்,” என்றார். பல் தெரிய ஒரு சிரிப்பு வந்தது.

நேரே அடுப்படிக்குப் போனார். தேயிலை டப்பாவைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று டப்பாவைத் திறந்து மூடினார்.

“தள்ளுங்க அத்தான், நான் போடுறேன்.”

“நீ போட்டா செல்லாது.”

வந்திருந்த எல்லாருக்கும் அவர் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். தங்கை கழுவி அடுக்கிய தட்டுகளில் ஒன்றில் வைத்து வண்டிக்காரருக்கும் கொண்டுபோனார்.

வண்டிக்காரர் ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். “தேயிலை போட்டீங்களா அண்ணே?”

“பழகிக்கிறேன்.”

மிஞ்சியதைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வந்தவர்கள் எல்லாரும் சுவரோரமாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள். அவளைச் சுற்றி மட்டும் வெறும் தரை, வட்டமாக.

அந்த வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளே நடந்து, அவள் தோளில் முழங்கால் இடிக்கும்படி சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

வெளியே ஹாரன் கேட்டது.

“வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்? கொஞ்சம் அசைங்க அத்தான்,” என்றாள் தங்கை.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, டீயை ஊதினார்.