தையல்காரர் கடைக் கண்ணாடி

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு பக்க அறிக்கை ஒன்றிலிருந்து. தடயவியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சராக இருந்தேன். அந்த அறிக்கையை அடித்தவள் நான்தான்.

'தையல்காரரின் கடை எரிந்த அன்று வானம் செம்பழுப்பாக –'

வேண்டாம். அன்றைய வானத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததை அடித்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதுதானே கதையே.

தெரிந்தது இவ்வளவு. ஒரு பிற்பகல் கடை தீப்பிடித்தது. பின்னறையில் காய்ச்சலோடு படுத்திருந்த மனைவி இறந்துபோனார். பித்தான் வாங்கப் போயிருந்ததாகத் தையல்காரர் சொன்னார். எட்டு வயது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

2

எங்கள் மேலதிகாரிக்குக் கண்ணாடி சார் என்று பெயர். எரிந்த கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தே தீ எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுவார்.*

(* மூக்குக்கண்ணாடியும் போட்டிருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுதான் காரணம் என்று நினைப்பார்கள். நாங்களும் திருத்த மாட்டோம்.)

எழுத உட்கார்ந்தால் மனசு அந்த நாட்களுக்கே ஓடுகிறது. நான்கு மணித் தேநீர், கார்பன் தாளின் நீலம் ஒட்டிய விரல் நுனிகள், ஸ்டோர் கீப்பரின் கடி ஜோக்குகள். எனக்குப் பிரசவ வலி எடுத்தபோது சார்தான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் அவை. அந்த வருடங்களைத்தான் தையல்காரர் சிறையில் கழித்தார். [இந்த இரண்டு வாக்கியங்களையும் பிரித்து வைத்துப் பார்த்தேன். மறுபடி ஒட்டிக்கொள்கின்றன.]

தையல்கடை ஜன்னலின் கண்ணாடி ஆய்வகத்துக்கு வந்த அன்று, சார் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"பாருங்கம்மா, சிலந்தி வலை மாதிரி விரிசல். சூடு மளமளன்னு ஏறினாத்தான் இப்படி விழும். பெட்ரோல் ஊத்தியிருக்காங்க."

"நிச்சயமா சார்?" என்று கேட்டேன்.

இல்லை, கேட்கவில்லை. கதையின் முதல் வரைவில் அப்படி எழுதிக்கொண்டேன். படிக்க நன்றாக இருந்தது. நான் உண்மையில் கேட்டது, "எத்தனை காப்பி அடிக்கணும் சார்?"

"நாலு போதும்," என்றார்.

3

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல், "தப்பா இருக்க வாய்ப்பே இல்லையா?" என்று கேட்டார்.

"கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க," என்றார் சார். நீதிபதி அந்த வரியைத் தீர்ப்பிலேயே எடுத்து எழுதினார். மனைவியைக் கொல்லக் கடைக்குத் தீ வைத்ததாகத் தையல்காரருக்கு ஆயுள் தண்டனை. மகளைப் பெரியம்மா கூட்டிக்கொண்டு போனார்.

4

பதினைந்து வருடம் கழித்து, ஓய்வுபெற்ற சாரை ஆய்வகத்தின் பயிற்சி வகுப்புக்கு அழைத்தார்கள். இளம் விஞ்ஞானி ஒருத்தி வெறும் விறகுத் தீயில் ஒரு கண்ணாடியைச் சூடாக்கி, தீயணைப்புக் குழாயால் தண்ணீர் அடித்தாள். படபடவென்று விரிசல் விழுந்தது. சிலந்தி வலை.

"இன்னொரு தடவை செய்யுங்கம்மா," என்றார் சார். மூன்று தடவை செய்யச் சொன்னார். அன்றைய தீயையும் தண்ணீர் அடித்துத்தானே அணைத்திருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்ததாகப் பிறகு சொன்னார். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"இன்னொரு ரிப்போர்ட் அடிக்கணும்மா. 'நான் சொன்னது தவறு'ன்னு ஆரம்பிங்க."

வழக்கு மறுபடி நடந்தது. பதினாறாவது வருடம் தையல்காரர் வெளியே வந்தார்.

5

அவருடைய வாடகை அறைக்குச் சாரோடு நானும் போனேன். மன்னிப்புக் காட்சி ஒன்றை எழுதி வைத்திருந்தேன், அழுகையெல்லாம் போட்டு. கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

"அன்னைக்கு நம்பித்தான் சொன்னீங்களா?" என்று கேட்டார் தையல்காரர்.

"ஆமாங்க."

"அதுதாங்க கஷ்டமா இருக்கு. காசு வாங்கிட்டுச் சொல்லியிருந்தா, ஒரு பாட்டம் திட்டிட்டு விட்டிருப்பேன்." பிறகு சாரைப் பார்த்துச் சொன்னார்: "என் பொண்ணு ஒரு நாள்கூட ஜெயிலுக்கு வரல. விடுதலையாகி வந்த பிறகும் வரல. நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் அவ நம்பினா. நீங்களே போய் மாத்திச் சொல்லிடுங்க."

நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்ற சார், அங்கே செருப்பை மாட்டிக்கொள்ள எத்தனை நேரம் எடுத்துக்கொண்டார் என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை.

6

மகள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மதிய இடைவேளையில் கடையின் பக்கவாட்டில் நின்றே பேசினோம். சார் விறகு, தண்ணீர், விரிசல் எல்லாவற்றையும் விளக்கினார். குறுக்கிடாமல் கேட்டாள்.

"அன்னைக்கும் இப்படித்தானே சார் தெளிவாச் சொன்னீங்க. இப்ப சொல்றது மட்டும் தப்பாகாதுன்னு நான் எப்படி நம்புறது?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்குப் பெட்ரோல்தான்னு சொன்னேன். அதைச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லம்மா. தீ எப்படிப் பிடிச்சதுன்னு எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"அம்மா எப்படிச் செத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. அப்படித்தானே?"

"ஆமாம்மா."

தந்தையின் முகவரியை எழுதி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

அவள் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டதாக ஒரு முடிவு எழுதினேன். தாளைக் கசக்கி எறிந்ததாக இன்னொன்று. இரண்டுமே நன்றாக வந்தன. போனாளா இல்லையா என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது அவள் எடுத்த முடிவு. என் கதைக்கு அதை எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

எட்டு வயதில் உங்கள் அப்பாவைப் பற்றி எல்லோரும் ஒன்றைச் சொல்லி, இருபத்து நான்கில் இல்லை என்கிறார்கள். கையில் முகவரி இருக்கிறது. இடைவேளை முடிய இன்னும் பத்து நிமிடம்.

நீங்கள் சொல்லுங்கள்.